இறக்கத்தில் 'நியூட்ரல்' வேண்டாமே!

பள்ளி விடுமுறையில் கேமரன் மலைக்குச் செல்லும் பெற்றோர்களே, தாப்பாவை நோக்கி இறங்கும்போது தானியங்கி மகிழுந்தை 'என்' நிலையில் விட்டால் எண்ணெய் மிச்சமாகும் என்று சிலர் நம்புகின்றனர். அந்நம்பிக்கை தவறானது.

இக்காலப் பெட்ரோல் மகிழுந்துகளில் எரிபொருளின் அளவைக் கணினியே கட்டுப்படுத்துகிறது. 'டி' நிலையில் எண்ணெய் மிதியிலிருந்து காலை எடுத்தால், உருளும் சக்கரங்களே இயந்திரத்தைச் சுழற்றுகின்றன. அவ்வேளையில் பெரும்பாலானவற்றில் எரிபொருள் நின்றுவிடும். 'என்' நிலையிலோ, இயந்திரம் அணையாதிருக்க எண்ணெய் எரிந்துகொண்டே இருக்கும். வேகத்தைக் குறைக்க இயந்திரமும் உதவாது. முழுச்சுமையும் பிரேக்கின் மீதே விழும். அது சூடேறிப் பிடிமானத்தை இழக்கக்கூடும்.

செங்குத்தான இறக்கத்திற்குத் தாழ்ந்த கியரே ஏற்றது. சிக்கனம் நல்ல பண்புதான். ஆனால், பின்னிருக்கையில் நம் பிள்ளைகள் அமர்ந்திருக்கிறார்களே! சிந்திப்போம்.