தீர்ந்த தண்டனையும் தீராத பழியும்

ஒருவன் ஏதோ ஒரு கைகலப்பில் அகப்பட்டு, நீதிமன்றத்தில் 300 வெள்ளி அபராதம் கட்டினான் என்று வைத்துக்கொள்வோம். பணம் கட்டியாயிற்று, ரசீதும் பெற்றாயிற்று, கணக்குத் தீர்ந்தது. ஆனால், மறுநாள் முதல் அவன் வேலை கேட்டு எந்த வாயிலுக்குச் சென்றாலும் அங்கே இரண்டாவது நீதிபதி ஒருவர் உட்கார்ந்திருக்கிறார். அவரே முதலாளி. அவர் விதிக்கும் தண்டனைக்குக் காலவரையறை இல்லை, அப்பீலும் இல்லை. இஃது என்ன நியாயம்?

இதைப் பினாங்கில் நின்று கேட்பதற்குத் தனிக் காரணம் உண்டு. ஜார்ஜ் டவுனின் பழைய சாலைகளைப் போட்டவர்களில் பலர் யாவர்? 18ஆம் நூற்றாண்டின் இறுதி தொட்டுக் கும்பினியார் இந்தியாவிலிருந்து நாடு கடத்திக் கொணர்ந்த கைதிகளன்றோ! கும்பினியார் கருணைக்கடல் அல்லர். கூலியை மிச்சம் பிடிக்கவே கைதிகளைக் கொணர்ந்தனர். ஆயினும், நன்னடத்தையுடைய கைதிகளையே மற்றக் கைதிகளுக்குத் தண்டல்களாக உயர்த்தினர். ஆண்டுகள் சில சென்றபின், வெளியே உழைத்துப் பிழைக்கச் சீட்டும் வழங்கினர். 1873இல் அம்முறை ஒழிந்தது. கொள்ளைக்கும் கொலைக்கும் கடல் கடத்தப்பட்டவனை நம்பி வேலை கொடுத்த ஊர், அபராதம் கட்டிய வாலிபனை வாயிற்காவலுக்கும் நம்பமாட்டேன் என்பது வெட்கமன்றோ?

இதில் அடிபடுகிறவன் யார்? தோட்டம் வீட்டுமனையானபோது பட்டணத்துக்குத் தள்ளப்பட்ட தொழிலாளியின் மகனே. வக்கீல் வைக்கப் பணமின்றி, "ஒப்புக்கொண்டால் இன்றே வீடு போகலாம்" என்று எவரோ சொன்னதைக் கேட்டுத் தலையசைத்தவன் அவன். 1972 முதல் பாயான் லெப்பாஸில் தொழிற்சாலைகள் எழுந்தன. ஆனால், விண்ணப்பத் தாளில் உள்ள ஒரு கேள்வி அவனை வெளியே நிறுத்திவிடுகிறது.

"திருடனிடம் பெட்டிச் சாவியைக் கொடுப்பதா?" என்பர் சிலர். வேண்டாம். பணம் கையாடியவனுக்குப் பணப்பெட்டி வேலை உடனே வேண்டாந்தான். ஆனால், சண்டையிட்டவன் பெட்டி சுமந்தால் என்ன கெடும்? குற்றத்துக்கும் வேலைக்கும் தொடர்பு உண்டா என்பதன்றோ கேட்கத்தக்கது!

மலேசியாவின் 1969ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டம் குற்றவாளிகளையும் "விரும்பத்தகாதவர்களையும்" ஒரே பெயரில் சேர்த்தது. பிரிட்டனோ, 1974இலேயே சிறு குற்றங்கள் காலத்தால் தீர்ந்துபோகச் சட்டம் செய்தது. சிங்கப்பூர் 2005இல் வழி வகுத்தது: கொடிய குற்றங்கள் நீங்கலாக, மூன்று மாதத்துக்கு மேற்படாத சிறையோ, 2000 வெள்ளிக்கு மேற்படாத அபராதமோ பெற்றவன், 5 ஆண்டுகள் ஒழுங்காயிருந்தால், பழைய தண்டனை அவனை விட்டு நீங்கும். அதனால் சிங்கப்பூர் குடி முழுகிவிட்டதா?

சட்டத்தை மட்டும் குறைகூறித் தப்பிக்க வேண்டாம். நம் தமிழ் முதலாளிமார் கடை வாயிலில் சட்டமா நிற்கிறது? பலரை ஏமாற்றிய செல்வனுக்குத் திருவிழாவில் மாலையும் பரிவட்டமும். ஒருமுறை தவறிய ஏழைக்கு "அவன் தலைவிதி" என்னும் வேதாந்தம்! விதி எழுதியது பிரமனல்ல, ஐயா. உங்கள் கணக்கப்பிள்ளையின் பேனா.

அப்பேனாவை நிறுத்துங்கள். சங்கங்களில் பேசும் சீர்திருத்தம் உண்மையாயின், அடுத்து வேலை கேட்டு வரும் வாலிபனிடம் "சிறை சென்றாயா?" என்று தொடங்காமல், "என்ன வேலை தெரியும்?" என்று தொடங்குங்கள். வேலை கொடுக்காமல் ஒருவனைத் திருத்தவும் முடியாது; அவன் திருந்தவில்லை என்று குறைகூற நமக்கு உரிமையும் இல்லை.