பிரின்டர் ஏன் பேசாமல் இருக்கிறது?

போன மாதம் ஓர் அலுவலகத்தில் ஓய்வூதியர்களுக்கு விழிப்புணர்வுக் கூட்டம் நடத்தினார்கள். எந்த அலுவலகம் என்பது இங்கே வேண்டாம். பேச வந்த இளைஞர் எடுத்த எடுப்பிலேயே, "பிரச்சினையே பெரியவங்ககிட்டதான் சார். யார் போன் பண்ணிக் கேட்டாலும் ஓடிபி சொல்லிடுறீங்க" என்றார். எல்லோரும் சிரித்தோம். நானும்தான்.

கூட்டம் முடிந்து கையெழுத்துப் போட மேசைக்குப் போனேன். கணினித் திரையின் ஓரத்தில் ஒரு மஞ்சள் சீட்டு ஒட்டியிருந்தது. மேலே அதிகாரியின் பயனர் பெயர், கீழே கடவுச்சொல். அதிகாரி அன்று விடுப்பு. அவருடைய டிஜிட்டல் கையெழுத்துச் சாவி கணினியில் செருகியபடியே இருந்தது. உதவியாளர் தம்பி அவர் பெயரில் ஒவ்வொன்றாக ஒப்புதல் கொடுத்துக்கொண்டிருந்தார்.

அங்கே ஒன்றும் சொல்லாமல் வந்துவிட்டேன். வீட்டுக்கு வந்தும் மனசு ஆறவில்லை. ஓடிபி சொல்லி ஏமாறும் கிழவன் தன் சேமிப்பை இழக்கிறான். அந்த மஞ்சள் சீட்டு தவறான கையில் சிக்கினால் ஒரு வட்டாரமே பட்டாவையும் ஓய்வூதியத்தையும் தேடி அலைய வேண்டிவரும். யாருக்கு யார் விழிப்புணர்வு சொல்வது?

நான் சொல்ல வருவது இதுதான். கணினிப் பாதுகாப்பை டெண்டர் விட்டு வாங்கிவிட முடியாது. அதில் பாதிக்கு மேல் பழைய குமாஸ்தா ஒழுங்கு. அதைக் குப்பையில் போட்டுவிட்டு ஆன்டிவைரஸ் வாங்கிய பில்லைக் காட்டிப் பயனில்லை.

தூரத்து உதாரணம் வேண்டாம், கும்பகோணத்துக்குப் போவோம். 1904இல் கும்பகோணம் பேங்க் என்று தொடங்கிய வங்கிதான் இன்றைய சிட்டி யூனியன் பேங்க். நம் பக்கத்தில் பல வீடுகளில் அதன் பாஸ்புக் இருக்கும். நாடு விட்டு நாடு பணம் அனுப்பும் உத்தரவுகளை வங்கிகள் ஸ்விஃப்ட் என்ற செய்தித் தொடர்பு வழியாக அனுப்பிக்கொள்கின்றன. உத்தரவு போனதும் அதற்கான ஒப்புகை பிரின்டரில் அச்சாகும். 2018 பிப்ரவரி 6 அன்று அந்தப் பிரின்டர் வேலை செய்யவில்லை. ஏதோ இயந்திரக் கோளாறு என்று நினைத்துவிட்டார்கள். உள்ளே புகுந்த திருடர்கள்தான் அதை முடக்கியிருந்தார்கள்.

மறுநாள் கணக்கை ஒத்துப் பார்த்தபோது, வங்கி அனுப்பாத மூன்று உத்தரவுகள் வங்கியின் பெயரில் போயிருப்பது தெரிந்தது. நியூயார்க் வழியாகத் துபாய்க்கு 5 லட்சம் டாலர். பிராங்க்பர்ட் வழியாகத் துருக்கிக்கு 3 லட்சம் யூரோ. நியூயார்க் வழியாகவே சீனாவுக்கு 10 லட்சம் டாலர். மொத்தம் ஏறக்குறைய 20 லட்சம் டாலர். துபாய்க்குப் போன தொகை உடனே மடக்கப்பட்டது. துருக்கியிலும் பணம் நிறுத்தி வைக்கப்பட்டது.

கவனியுங்கள். திருட்டைக் காட்டிக்கொடுத்தது நாம் அந்தக் காலத்தில் தினமும் சலித்துக்கொண்டே செய்த வேலை. நேற்று போனது எவ்வளவு, வந்தது எவ்வளவு, இரண்டும் ஒத்து வருகிறதா? அவ்வளவுதான். அதை ஒரு வாரம் கழித்துச் செய்திருந்தால் என்ன ஆகியிருக்கும்?

இதில் இன்னொரு வேதனை உண்டு. சரியாக இரண்டு வருடம் முன்பு, 2016 பிப்ரவரியில், வங்கதேச மத்திய வங்கியில் இதே கதை நடந்திருந்தது. அங்கேயும் பிரின்டர் நின்றது. அங்கேயும் வழக்கமான கோளாறு என்றே நினைத்தார்கள். அங்கே வெள்ளிக்கிழமை வார விடுமுறை, அதற்கு முந்தின இரவாகப் பார்த்துத் திருடர்கள் வேலையைத் தொடங்கினார்கள். சுமார் 95 கோடி டாலருக்கு உத்தரவுகள் போயின. பெரும்பகுதி வழியில் நிறுத்தப்பட்டும் 8.1 கோடி டாலர் பிலிப்பைன்ஸ் போய்ச் சேர்ந்தது.

இலங்கைக்குப் போன 2 கோடி டாலர் தப்பியது ஓர் எழுத்துப் பிழையால். 'பவுண்டேஷன்' என்று எழுத வேண்டிய இடத்தில் திருடன் 'பண்டேஷன்' என்று எழுதிவிட்டான். இடையில் இருந்த ஜெர்மன் வங்கியில் யாரோ அதைப் பார்த்து, இது சரியா என்று திருப்பிக் கேட்டார்கள். நான் காரைக்காலில் பிரெஞ்சு வழியில் படித்தவன். அங்கே 'திக்தே' என்று ஒரு வகுப்பு, ஆசிரியர் சொல்லச் சொல்ல எழுத வேண்டும். ஒரு பிழைக்கு இவ்வளவு மதிப்பெண் என்று கழிப்பார்கள். எதற்கு இந்தக் கொடுமை என்று அன்று அழுதிருக்கிறேன். 2 கோடி டாலரைக் காப்பாற்றியவர் அப்படி ஒரு வகுப்பில் உட்கார்ந்து எழுந்தவராகத்தான் இருக்க வேண்டும்.

கும்பகோணச் செய்தி வந்த அதே மாதம்தான் மும்பையில் பஞ்சாப் நேஷனல் பேங்க் மோசடி வெளியானது. அது வெளித் திருடன் வேலை இல்லை. ஸ்விஃப்டில் உத்தரவாதம் போகிறது, வங்கியின் சொந்தக் கணக்கில் அதற்குப் பதிவே இல்லை. இரண்டு பதிவேட்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க ஆளில்லாமல் வருடக்கணக்கில் ஓடியது. பிறகுதான் ரிசர்வ் வங்கி இரண்டையும் இணைக்கச் சொல்லிக் கெடு வைத்தது.

நம் கருவூலங்களில் இரட்டைப் பூட்டு உண்டு. ஒரு சாவி அதிகாரியிடம், மற்றொன்று வேறொருவரிடம். இருவரும் சேர்ந்து நின்றால்தான் அறை திறக்கும். அதிகாரி கெட்டவர் என்பதற்காகவா அந்த ஏற்பாடு? இல்லை. ஒரு சாவி தொலைந்தாலும் கஜானா தொலையக் கூடாது என்பதற்காக. கணினியில் ஒருவர் பதிவு செய்ய, இன்னொருவர் சரிபார்த்து ஒப்புதல் கொடுப்பது அதே இரட்டைப் பூட்டுதான். மஞ்சள் சீட்டு இரண்டு சாவியையும் ஒரே ஆணியில் மாட்டிவிடுகிறது.

"ஆளே இல்லை சார், மூன்று சீட்டு வேலையை ஒருத்தன் பார்க்கிறான்" என்பார்கள். நானும் பார்த்தவன்தான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்தத் தம்பிக்காகவும்தான் எழுதுகிறேன். நாளை ஒன்று காணாமல் போனால் அதிகாரி, "நான் விடுப்பில் இருந்தேன்" என்பார். மெமோ யாருக்கு வரும்? அந்தக் காலத்தில் பதிவேட்டைப் புரட்டினால் சுருக்கொப்பம் யாருடையது என்று தெரியும். கடவுச்சொல்லை ஊருக்கெல்லாம் கொடுத்துவிட்டால் யார் செய்தது என்பதற்குச் சாட்சியே கிடையாது. காலிப் பணியிடத்தை நிரப்பாததும் பாதுகாப்புக் குறைதான் என்று மேலே எழுதட்டும்.

மூடி மறைப்பது அடுத்த வியாதி. 2019 அக்டோபர் 29 அன்று, கூடங்குளத்தில் கணினித் தாக்குதல் சாத்தியமே இல்லை என்று அறிக்கை வந்தது. மறுநாளே அணுமின் கழகம் வைரஸ் புகுந்தது உண்மை என்றது. செர்ட்-இன் அமைப்பு செப்டம்பர் 4ஆம் தேதியே சொல்லியிருந்ததாம். பாதிக்கப்பட்டது இணையத்தோடு தொடர்புள்ள நிர்வாகக் கணினி, உலையை இயக்கும் அமைப்பு தனி என்றார்கள். அதை முதல் நாளே சொல்லியிருந்தால் ஜனங்கள் நம்பியிருப்பார்கள். இப்போது, தாக்குதல் தெரிந்த 6 மணி நேரத்துக்குள் செர்ட்-இன்னுக்குச் சொல்ல வேண்டும் என்று 2022 முதல் விதி இருக்கிறது. சொல்கிறவனைத் தண்டித்தால் எந்த விதியும் ஏட்டில்தான் இருக்கும்.

மூன்றாவது, நகல். 2022 நவம்பரில் டெல்லி எய்ம்ஸ் சர்வர்கள் முடங்கி, ஏறக்குறைய இரண்டு வாரம் எல்லாவற்றையும் கையால் எழுதினார்கள். நகல் எடுத்து அதே கணினியோடு சேர்த்துக் கட்டி வைத்தால், வைரஸ் இரண்டையும் சேர்த்தே தின்றுவிடும். விதைநெல்லை யாராவது சோற்றுப் பானைக்குப் பக்கத்தில் வைப்பார்களா? தனியாக வைக்க வேண்டும், அவ்வப்போது எடுத்து முளைக்கிறதா என்றும் பார்க்க வேண்டும்.

நம் ஊர் ராஜ வீதி முனையில் 1792 என்று பொறித்த வாயில் இருக்கிறது. வெள்ளையடித்து அழகாக வைத்திருக்கிறார்கள். மதில்தான் பெரும்பாலும் போய்விட்டது. ஆடுகூட வாயிலைச் சுற்றிக்கொண்டு உள்ளே வரும். ஆன்டிவைரஸ் வாங்கி வைத்துவிட்டுக் கடவுச்சொல்லைத் திரையில் ஒட்டும் அலுவலகம் அந்த வாயில்தான்.

அந்த அதிகாரிக்கு ஒரு கடிதம் எழுதி, ஒப்புகை அட்டையோடு பதிவுத் தபாலில் அனுப்பியிருக்கிறேன். தம்பியின் பெயரைக் குறிப்பிடவில்லை. பத்து நாள் ஆகிறது, ஒப்புகை அட்டை திரும்பி வரவில்லை. தபால் கோளாறு என்று விட்டுவிடப் போவதில்லை. திங்கட்கிழமை நேரில் போய்க் கேட்பேன்.