குறையுள்ள பொருளும் தவணைக் கடனும்

மதீனத்துக் கடைவீதியில் தானியக் குவியலொன்றினுள் அண்ணல் நபி (ஸல்) அவர்கள் தம் கரத்தை நுழைத்தபோது விரல்களில் ஈரம் பட்டது. மழையில் நனைந்துவிட்டது என்றார் வணிகர். நனைந்ததை மக்கள் காணும்படி மேலே வைத்திருக்கலாகாதா என வினவிய நாயகம் (ஸல்) அவர்கள், ஏமாற்றுபவர் தம்மைச் சார்ந்தவரல்லர் என எச்சரித்தார்கள். முஸ்லிம் ஷரீபில் பதிவான இந்நிகழ்ச்சியை நாம் பலமுறை செவியுற்றிருக்கிறோம். தானியத்தின் ஈரத்தைக் கை கண்டுகொண்டது. பெட்டிக்குள் முத்திரையிட்டு வரும் கைப்பேசியின் ஈரத்தை எந்தக் கை காணும்?

போடியிலிருந்து விடியற்காலை ஜீப்பேறி, போடிமெட்டைக் கடந்து, பூப்பாறை, சாந்தன்பாறை ஏலத் தோட்டங்களுக்குக் காய் எடுக்கச் செல்லும் குடும்பங்களுக்கு இன்று கைப்பேசி ஆடம்பரமன்று. மறுநாள் வேலையுண்டா என்ற செய்தியும் அதில்தான் வருகிறது, கூலிப் பணமும் அதில்தான் வருகிறது. ரொக்கம் இல்லாததால் தவணையில் வாங்குகிறார்கள். வாங்கிய சில நாளிலேயே திரை கருத்துப்போனால், கடைக்காரர் சர்வீஸ் சென்டருக்கு அனுப்புகிறார். அங்கே, தண்ணீர் பட்டுவிட்டது என்கிறார்கள். நிதி நிறுவனமோ, பொருளைப் பற்றி எமக்கொன்றும் தெரியாது, தவணையைத் தேதி தவறாமல் கட்டுங்கள் என்கிறது. மூவர் கூடிச் செய்த வியாபாரத்தில் குறை மட்டும் நான்காமவரான ஏழையின் தலையில் இறங்குகிறது.

நம் மார்க்கச் சட்டம் இதற்கு இடமளிக்கவில்லை. விற்கப்படும் பொருள் குறையற்றதாகவே இருக்க வேண்டுமென்பது வியாபாரத்தின் அடிப்படை. மறைந்திருந்த குறை பின்னர் வெளிப்பட்டால் பொருளைத் திருப்பித் தந்து விலையைப் பெறும் உரிமை வாங்கியவருக்கு உண்டு. இதனை ‘கியாருல் ஐப்’ என்பர். 1869 முதல் 1876 வரை ஹனபி மத்ஹபின்படி துருக்கியில் தொகுக்கப்பட்ட ‘மஜல்லா’ சட்டநூல், வணிகர்களின் பார்வையில் எது பொருளின் விலையைக் குறைக்குமோ அதுவே குறை என வரையறுக்கிறது. மாதிரியைக் காட்டி விற்ற சரக்கு மாதிரிக்குத் தாழ்ந்திருந்தால் மறுக்கலாம் என்றும் அதில் உண்டு. போடி ஏல மையத்தில் மாதிரிக் காயைப் பார்த்து விலை கேட்கும் வியாபாரிக்கு இதை யாரும் கற்பிக்க வேண்டியதில்லை. மூட்டைக்கு உரிய நியாயம் கைப்பேசிக்கும் உரியதே. ஒன்றை மட்டும் கருத்தில் கொள்ளுங்கள்: குறை தெரிந்த பின்னும் பொருளைத் தொடர்ந்து பயன்படுத்தினால் அதனை ஏற்றுக்கொண்டதாகவே ஹனபிச் சட்டம் கருதும். எனவே கண்டவுடனேயே எழுத்து மூலம் தெரிவித்துவிட வேண்டும்.

இனி, நிதி நிறுவனத்தின் நிலை. பொறுப்பேற்காத ஒன்றிலிருந்து ஆதாயம் பெறுவதை நபியவர்கள் (ஸல்) தடுத்துள்ளதாக அபூதாவூத், திர்மிதி ஆகிய நூல்கள் அறிவிக்கின்றன. 1988 டிசம்பரில் குவைத்தில் கூடிய சர்வதேச இஸ்லாமிய பிக்ஹு அகாடமி, தவணை முராபஹா வியாபாரத்தை அனுமதித்தபோது இதையே நிபந்தனையாக வைத்தது. நிதி தருபவர் பொருளை முதலில் தம் உடைமையாக்க வேண்டும். ஒப்படைக்கும் வரை அழிவுக்கும், ஒப்படைத்தபின் மறைந்த குறைக்கும் அவரே பொறுப்பாவார். இது முஸ்லிம்களுக்கு மட்டுமே உரிய விசித்திரக் கொள்கை எனக் கருத வேண்டாம். பிரிட்டனின் 1974ஆம் ஆண்டு நுகர்வோர் கடன் சட்டத்தின் 75ஆம் பிரிவு, 100 பவுனுக்கு மேல் 30,000 பவுன் வரை விலையுள்ள பொருளில், விற்றவரோடு அவருடன் இணைந்து கடன் தந்தவரையும் பொறுப்பாளியாக்குகிறது. அத்தகைய தெளிவான விதி நம் நாட்டிலும் வர வேண்டும் என்பதே என் கருத்து.

‘வட்டியில்லாத் தவணை’ என்ற விளம்பரத்தைக் கண்டு, ஹராம் நீங்கியது என மகிழ்வோரும் உளர். 2013இல் ரிசர்வ் வங்கியே, இத்தகைய திட்டங்களில் வட்டி வேறு கட்டணங்களின் பெயரில் மறைந்து நிற்பதைச் சுட்டிக்காட்டி வங்கிகளைக் கண்டித்தது. பெயரில் ஏமாறாதீர்கள்.

பொருள் பழுதென்றால் தவணையை நிறுத்திவிடலாமா? ஜும்ஆவுக்குப் பின் இளைஞர்கள் கேட்கும் கேள்வி இது. கூடாது என்றே சொல்வேன். ஒப்பந்தங்களை நிறைவேற்றுமாறு அல்மாயிதா அத்தியாயத்தின் முதல் வசனமே பணிக்கிறது. அக்கடனில் வட்டி கலந்திருப்பது வேறொரு குற்றம். அதனால் வாங்கிய அசலைத் திருப்பித் தரும் கடமை நீங்கிவிடாது. நிறுத்தினால் அபராதமும் வளரும், நாளை வேறு கடன் பெறும் தகுதியும் கெடும். தவணையைக் கட்டிக்கொண்டே வழக்காடுங்கள்.

வழி இருக்கிறது. 2020 ஜூலை 20 முதல் நடைமுறையிலுள்ள நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், நுகர்வோர் தாம் குடியிருக்கும் ஊரின் ஆணையத்திலேயே முறையிட இடமளிக்கிறது. கேரள எல்லைக்குள் பூப்பாறையில் வாங்கியிருந்தாலும் போடிவாசி தேனி மாவட்ட நுகர்வோர் ஆணையத்தை நாடலாம். 5 லட்சம் ரூபாய் வரையுள்ள பொருளுக்குக் கட்டணமில்லை, வக்கீலும் கட்டாயமில்லை. 2 ஆண்டுக்குள் முறையிட வேண்டும். சோதித்தாலன்றிக் குறை புலப்படாதெனில், பொருளை ஆய்வுக்கூடத்திற்கு அனுப்ப ஆணையத்திற்கு அதிகாரமுண்டு. “தண்ணீர் பட்டது” என்ற ஒற்றைச் சொல்லால் தட்டிக்கழிப்பவர் அங்கே பதில் சொல்லியாக வேண்டும். உற்பத்தியாளர், கடைக்காரர் ஆகியோருடன் நிதி நிறுவனத்தையும் எதிர்த்தரப்பில் சேருங்கள். முதலில் 1915 என்ற தேசிய உதவி எண்ணில் புகாரைப் பதியலாம். இவற்றுக்கெல்லாம் ரசீதும் கடன் பத்திரத்தின் நகலும் வேண்டும். கடனை எழுதிக்கொள்ளும்படி அல்பகறாவின் நீண்ட வசனம் கட்டளையிட்டிருக்க, நம்மவர்களோ செல்பேசித் திரையில் விரலை வைத்துவிட்டு, எதில் ஒப்பமிட்டோம் என்றே அறியாமல் வீடு திரும்புகிறார்கள்!

கடை நடத்தும் சகோதரர்களுக்கும் ஒரு வார்த்தை. இமாம் அபூஹனீபா (ரஹ்) அவர்கள் துணி வணிகர். குறையுள்ள துணியொன்றை, குறையைச் சொல்ல மறந்து அவர்தம் கூட்டாளி விற்றுவிட, வாங்கியவரைக் கண்டறிய இயலாமற்போகவே, விலை முழுவதையும் இமாமவர்கள் தர்மம் செய்ததாக வரலாற்று நூல்கள் கூறுகின்றன. நம் கடைகளிலோ “விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது” என்ற வாசகம் ரசீதிலேயே அச்சாகியிருக்கிறது. பழுதான பொருளை, ரசீதில் குறித்த காலத்திற்குள், காலம் குறிக்கப்படாவிடில் 30 நாளுக்குள், திரும்பப் பெற்றுப் பணத்தைத் தர மறுப்பது முறையற்ற வணிகம் என இன்றைய சட்டமும் சொல்கிறது. அடுத்த ரசீதுப் புத்தகத்தை அச்சுக்குக் கொடுக்கும்போது அந்த வாசகத்தை நீக்கி, பழுதானால் எத்தனை நாளுக்குள் திரும்பக் கொண்டுவரலாம் என்பதை அவ்விடத்தில் தமிழில் அச்சிடுங்கள்.