ஞாயிற்றுக்கிழமை டிவியில் காட்டும் ஒரகடம்

கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாகப் படியுங்கள்.

சனி, ஞாயிறு காலையில் டிவியைப் போட்டால் மனை விற்க வந்துவிடுகிறார்கள். சீரியலில் பார்த்துப் பழகிய முகம் ஒன்று செம்மண் ரோட்டில் நடந்தபடி "சென்னைக்கு மிக அருகில்" என்கிறது. வர்ணம் பூசிய கற்கள், தென்னங்கன்று, ஒரு பெரிய வளைவு. ஹூண்டாய், ரெனோ-நிசான், ராயல் என்ஃபீல்டு என்று பெயர்களை அடுக்குகிறார்கள். இன்றே புக் செய்தால் தங்கக் காசாம்!

இதைப் பார்த்துவிட்டு உங்களில் பலர் கேட்கிறீர்கள்: "சார், நீங்க அந்தப் பக்கம்தானே இருக்கீங்க, ஒரு மனை போட்டு வைக்கலாமா?" இந்தப் பக்கத்துப் பள்ளிகளில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் என்ற முறையில் எல்லோருக்கும் சேர்த்துப் பதில் சொல்கிறேன்.

முதலில், அது நிகழ்ச்சியே அல்ல, விளம்பரம். அந்த அரை மணி நேரத்துக்குப் பணம் கட்டுபவர் மனை விற்பவர். கேள்வி கேட்பவருக்கும் அவர்தான் படியளக்கிறார். அதனால்தான் தண்ணீர் எத்தனை அடியில் என்றோ, பட்டா யார் பெயரில் என்றோ ஒரு கேள்வியும் வருவதில்லை.

தொழிற்சாலைகள் பொய்யில்லை. இருங்காட்டுக்கோட்டையில் 1998 முதல் ஹூண்டாய் கார் தயாராகிறது. ஆனால் அங்கே வேலை செய்பவர்கள் எங்கே தங்குகிறார்கள்? பலர் கம்பெனி பஸ்ஸில் வெளியூரிலிருந்து வந்து போகிறார்கள். தென்மாவட்டங்களிலிருந்தும் வடமாநிலங்களிலிருந்தும் வந்த பிள்ளைகள் ஒரே அறையில் பலராக வாடகைக்கு இருக்கிறார்கள். 2021 டிசம்பரில் ஐபோன் தயாரிக்கும் ஃபாக்ஸ்கான் ஆலையின் பெண் தொழிலாளர்கள், விடுதிச் சாப்பாட்டால் பலர் ஆஸ்பத்திரியில் சேர்ந்தபின், சென்னை-பெங்களூரு நெடுஞ்சாலையில் உட்கார்ந்து மறியல் செய்தார்களே, நினைவிருக்கிறதா? 2024 ஆகஸ்ட்டில் வல்லம் வடகாலில் 18,720 படுக்கைகளோடு சிப்காட் கட்டிய விடுதி திறக்கப்பட்டது. எங்கள் பகுதியின் உண்மையான வீட்டுப் பிரச்சினை இந்தப் படுக்கைக் கணக்குதான். எந்த ஞாயிற்றுக்கிழமை டிவியில் அதைப் பார்த்தீர்கள்?

டிவி பார்த்து மனை வாங்குகிறவர் இங்கே குடிவரப் போவதில்லை. இங்கே குடியிருக்கிற தொழிலாளிக்கு அந்த மனையை வாங்க வக்கில்லை. நடுவில் நிலம் மட்டும் கருவேலம் முளைத்துக் கிடக்கிறது. வீடில்லாத தெருவுக்கு விளக்கு வராது, பஸ் வராது, குழாய்த் தண்ணீரும் வராது. அப்புறம் விலை எப்படி ஏறுகிறது? உங்களைப் போலவே டிவி பார்த்துவிட்டு இன்னொருவர் வருவார் என்ற நம்பிக்கையில்தான். அவர் வராத வருடம் உங்கள் பணம் மண்ணில் கிடக்கும்.

கம்பெனி பெயரை நம்பி வாங்குவதும் ஆபத்து. 2006-ல் நோக்கியா ஸ்ரீபெரும்புதூரில் உற்பத்தி தொடங்கியபோது இல்லாத பேச்சா? 2014 நவம்பரில் மூடிவிட்டார்கள். மறைமலைநகரில் ஃபோர்டு 2022-ல் கார் உற்பத்தியை நிறுத்தியது. இப்போது பரந்தூர் விமான நிலையத்தைச் சொல்லி விற்கிறார்கள். அதற்கு நிலம் தர மாட்டோம் என்று ஏகனாபுரத்து மக்கள் 2022 முதல் போராடுவதைச் சொல்வார்களா?

அடுத்தது தண்ணீர். இது ஏரிகளின் பூமி. செம்பரம்பாக்கம், ஸ்ரீபெரும்புதூர், பிள்ளைப்பாக்கம் என்று ஊருக்கு ஊர் ஏரி. ஏரி என்றால் வரத்துக் கால்வாயும் கலங்கலும் உண்டு. 2015 டிசம்பரில் அடையாற்றங்கரையில் வீடு வாங்கியவர்கள் பட்ட பாட்டை மறந்துவிட்டோமா? காமிரா சித்திரை வெயிலில் வருகிறது. நீங்கள் கார்த்திகை மழையில் வந்து பாருங்கள்.

"விளம்பரம்னா அப்படித்தான் சார், யார் நம்புறாங்க?" என்று சிலர் சொல்வீர்கள். ஓய்வூதியப் பணத்தை வைத்திருக்கிற உங்கள் அப்பா நம்புகிறார். நகையை அடகு வைத்து அட்வான்ஸ் கட்டுகிறவர்களும் நம்பித்தான் கட்டுகிறார்கள். சட்டமும் விளம்பரத்தை வெறும் பேச்சாக விடவில்லை. 2016-ன் ரெரா சட்டப்படி, 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவைப் பதிவு செய்யாமல் விளம்பரமே செய்யக் கூடாது. விளம்பரத்தில் பதிவு எண் தெளிவாக இருக்க வேண்டும். பொய் விளம்பரத்தை நம்பிப் பணம் கட்டி நஷ்டப்பட்டால், 12-ஆம் பிரிவின்படி இழப்பீடு கேட்கலாம். விலகிக்கொண்டு, கட்டிய பணத்தை வட்டியோடு திரும்பக் கேட்கவும் வழி உண்டு.

ஆகவே வீட்டுப்பாடம் தருகிறேன். அந்த நிகழ்ச்சியை போனில் பதிவு செய்து வையுங்கள். ரெரா எண்ணைத் தமிழ்நாடு ரெரா இணையதளத்தில் சரிபாருங்கள். மூலப்பத்திரம், வில்லங்கம், பட்டா மூன்றையும் விற்பவர் சொல்லும் வக்கீலிடம் காட்டாமல் உங்கள் வக்கீலிடம் காட்டுங்கள். அவர்கள் அனுப்பும் காரில் வராதீர்கள். டவுன் பஸ்ஸில் வந்து இறங்கி, மனைக்கு நடந்து போங்கள். வழியில் டீக்கடைக்காரரிடம் மழைக்காலத்தில் தண்ணீர் எங்கே நிற்கும் என்று கேளுங்கள்.

இத்தனையும் பார்த்தபின் பிடித்திருந்தால் தாராளமாக வாங்குங்கள், வீடு கட்டிக் குடிவாருங்கள். பார்க்க நேரமில்லை என்றால் அட்வான்ஸ் கொடுக்கும் முன் எனக்கு ஒரு போன் போடுங்கள். ஓய்வு பெற்றவனுக்கு நேரத்துக்கா பஞ்சம்? நானே பஸ் பிடித்துப் போய்ப் பார்த்துவிட்டு வந்து சொல்கிறேன்.