ஒரு கிளாஸ் பீனா கொலாடா: ரம் விலை மட்டும் ஏன் மாநிலத்துக்கு மாநிலம் மாறுது?

வீட்டிலேயே பீனா கொலாடா போடுவது எளிது. 50 மி.லி. வெள்ளை ரம், 50 மி.லி. அன்னாசிச் சாறு, 30 மி.லி. தேங்காய் கிரீம், ஐஸ். மிக்ஸியில் ஒரு சுற்று, முடிஞ்சுது. 1978-ல் போர்ட்டோ ரிக்கோ தன் தேசிய பானமாக அறிவித்தது இதைத்தான்.

இப்போ பில்லைப் பாருங்க. அன்னாசிப் பழம், தேங்காய் இரண்டுக்கும் நாடு முழுக்க ஜிஎஸ்டி பூஜ்ஜியம். ரம்முக்கும் ஜிஎஸ்டி இல்லை. ஆனால் காரணம் வேறு.

என்ன காரணம்?

அரசியல் சாசனத்தின் 366(12ஏ) பிரிவு, குடிக்கும் மதுவை ஜிஎஸ்டிக்கு வெளியே நிறுத்துகிறது. கலால் வரி, விற்பனை வரி இரண்டையும் மாநிலங்களே தீர்மானிக்கின்றன. ஜிஎஸ்டி வந்த பிறகு, மாநிலங்கள் தாங்களே கூட்டிக் குறைக்கக்கூடிய பெரிய வரிகள் சிலதான். அதில் ஒன்றை லேசில் விட்டுக்கொடுப்பார்களா? 2024 அக்டோபரில், தொழிற்சாலை ஆல்கஹால் மீதும் மாநிலங்களுக்கு அதிகாரம் உண்டு என 8-1 என்ற கணக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

விலை மட்டும்தானா?

இல்லை. மது வாங்க கோவாவில் 21 வயது போதும், டெல்லியில் 25 ஆகணும். பீகாரில் 2016 முதல் வீட்டுக்குள் குடித்தாலும் குற்றம்.

பில்லில் இல்லாத கணக்கு

இங்கே விற்கும் ரம் பெரும்பாலும் 42.8% ஆல்கஹால். 50 மி.லி.யில் சுமார் 17 கிராம். உலக சுகாதார அமைப்பு ஒரு 'டிரிங்க்' என எடுத்துக்கொள்வது 10 கிராம். அதாவது ஒரு கிளாஸ் குடிச்சா, ஒன்றரைக்கும் மேல். இனிப்பில் அது நாக்குக்குத் தெரியாது. பாதுகாப்பான அளவு என்று எதுவும் இல்லை என்கிறது அதே அமைப்பு. அளவுக் கோப்பை இல்லாமல் ஊற்றாதீங்க.