பல்லைப் பிடித்துப் பாருங்கள்!

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்சி.)

தானமாக வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கலாமா என்று கேட்டனர் நம் முன்னோர். கொடுப்பவரின் முகம் தெரிந்த காலத்துப் பழமொழி அது. இன்றோ கொடுப்பவர் யார், எந்த நாட்டார் என்றே தெரியாமல் கைக்குள் வந்து விழுகின்றன இலவசங்கள். நாம் கைபேசியில் ஏற்றிக்கொள்ளும் இலவசச் செயலிகளை மட்டுமாவது பல்லைப் பிடித்துப் பார்த்தே ஆகவேண்டும் என்பது என் துணிபு.

நம் செம்பரம்பாக்கம் ஏரியைத் தாண்டினால் இருங்காட்டுக்கோட்டை முதல் ஒரகடம் வரை ஆலைகள். ஸ்ரீபெரும்புதூரில் 2006 முதல் 2014 வரை நோக்கியா நிறுவனம் கைபேசிகளைச் செய்தது. இன்று அங்கே ஃபாக்ஸ்கான் ஆலையில் நம் சகோதரிகளின் விரல்கள் ஐபோன்களைப் பூட்டுகின்றன. கருவியைச் செய்து உலகுக்கு அனுப்பும் ஊர், அக்கருவியாலேயே ஏமாறும் ஊராக இருக்கலாமா?

இந்த நோய் புதிதன்று. பாட்டும் படமும் பரிமாறிக்கொள்ள 2001ஆம் ஆண்டு வந்த ‘காசா’ என்னும் மென்பொருளை உலகெங்கும் கோடிக்கணக்கானோர் இலவசமாக ஏற்றிக்கொண்டனர். அதனுடன் விளம்பர மென்பொருள்களும் சேர்ந்தே வந்தன. 2002 ஜனவரியில், காசா, குரோக்ஸ்டர், லைம்வயர் ஆகிய மூன்றுடனும் பரிசுப் போட்டி என்ற பெயரில் வந்த ஒரு நிரலுக்குள் ‘டி.எல்.டெர்’ என்ற வேவுநிரல் ஒளிந்திருந்தது தெரிய வந்தது. பயனர் எந்தெந்த இணையப் பக்கங்களைப் பார்க்கிறார் என்று அது வெளியே சொல்லிக்கொண்டிருந்தது. அதே ஆண்டு ஏப்ரலில் மற்றொரு செய்தி: பயனரின் கணினி ஆற்றலையும் சேமிப்பிடத்தையும் தன் வணிகத்திற்குப் பயன்படுத்தும் வகையில், பிரில்லியண்ட் டிஜிட்டல் என்ற நிறுவனம் காசாவுடன் தன் மென்பொருளையும் முன்பே உள்ளே அனுப்பிவைத்திருந்தது! விருந்தாளியோடு வந்தவன் வீட்டில் குடியேறிய கதைதான்.

அது எங்கோ நடந்தது என்று ஆறுதல் கொள்ள வழியில்லை. 2019 ஜூலையில் செக் பாயிண்ட் என்ற பாதுகாப்பு ஆய்வு நிறுவனம் ‘ஏஜெண்ட் ஸ்மித்’ என்ற தீநிரலை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தது. அது தொற்றிய கைபேசிகள் ஏறத்தாழ 2.5 கோடி, அவற்றில் 1.5 கோடி இந்தியாவில். ‘9ஆப்ஸ்’ என்ற செயலிக் கடையில் கிடைத்த இலவச விளையாட்டுகளிலும் படச் செயலிகளிலும் அது பதுங்கியிருந்தது. உள்ளே நுழைந்ததும் கூகுளின் புதுப்பிப்பு போல வேடமிடும். தன் சின்னத்தை மறைத்துக்கொள்ளும். பிறகு, ஏற்கெனவே இருக்கும் வாட்ஸ்அப் போன்ற செயலிகளை எடுத்துவிட்டு, அதே முகமுள்ள போலிகளை அமர்த்திவிடும். அன்று அது விளம்பரம் காட்டிக் காசு பார்த்தது. அதே வழியில் வங்கி விவரங்களையும் களவாட முடியும் என்று ஆய்வாளர் எச்சரித்தனர்.

நம்மவர் அதிகம் பயன்படுத்திய ‘ஷேர்இட்’, ‘செண்டர்’ ஆகியவை 2020 ஜூன் 29 அன்று தடை செய்யப்பட்ட 59 செயலிகளுள் அடங்கும். அரசு சொன்ன காரணம் நாட்டின் இறையாண்மையும் பாதுகாப்பும். 2021 பிப்ரவரியில் டிரெண்ட் மைக்ரோ ஆய்வாளர்கள் ஷேர்இட்டில் பயனரின் தகவல் கசியக்கூடிய ஓட்டைகளைக் காட்டினர். அவற்றை அடைத்துவிட்டதாக நிறுவனம் பின்னர் அறிவித்தது. ஆனால், கடையில் இல்லாத பொருளை நண்பரின் கைபேசியிலிருந்து வாங்கிக்கொள்ளும் பழக்கத்தை எந்த ஆணையும் தடுக்காது. அப்படி வரும் கோப்பில் இடையில் யார் எதைச் சேர்த்தார் என்று யாருக்குத் தெரியும்?

“படித்துப் பாராமல் ஒப்புக்கொண்டது உங்கள் குற்றம்” என்பர் சிலர். இதை நான் ஏற்கவில்லை. பக்கம் பக்கமாக ஆங்கிலத்தில், அதுவும் வழக்கறிஞர் ஆங்கிலத்தில் எழுதிவைத்துவிட்டு, அடியில் ‘ஒப்புக்கொள்கிறேன்’ என்ற பொத்தானை வைப்பது ஒப்புதல் ஆகுமா? படிக்கத் தெரியாதவரிடம் கைநாட்டு வாங்கிய பழைய கடன் பத்திரத்துக்கும் இதற்கும் என்ன வேறுபாடு? 2023ஆம் ஆண்டின் மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், ஒப்புதல் கோரும் அறிவிப்பை அரசியலமைப்பின் எட்டாம் அட்டவணை மொழிகளிலும் பெற வழி தரவேண்டும் என்கிறது. அதன் விதிகள் 2025 நவம்பரில்தான் வெளியாயின. தமிழில் கேட்பது சலுகையன்று, சட்டம் தந்த உரிமை. அதைக் கேட்டுப் பெறவேண்டியவர்கள் நாமே.

அதற்காக இலவசம் என்றாலே நஞ்சு என்று சொல்ல வரவில்லை. லினக்சும் வி.எல்.சி.யும் லிப்ரே ஆபிசும் இலவசமே. அவற்றின் மூலநிரல் திறந்தே கிடக்கிறது. விரும்பியவர் ஆராய்ந்து பார்க்கலாம். பல்லைக் காட்டும் மாடு அது! கோப்பு அனுப்ப ஆண்ட்ராய்டிலேயே ‘குயிக் ஷேர்’ இருக்கிறது. மூலநிரல் திறந்த ‘லோக்கல்செண்ட்’ இருக்கிறது. பிறகு முகமறியாச் செயலி எதற்கு?

நம்மில் பலர் வீட்டில் கைபேசியை நன்கு அறிந்தவர் நாம் ஒருவரே. தந்தையின் சம்பளமும் தாயின் சேமிப்பும் நம் கல்வி உதவித்தொகையும் வந்து சேரும் வங்கிக் கணக்கு அதே கைபேசியில்தான் திறக்கிறது. “இதை ஏற்றிக் கொடு” என்று அவர்கள் நீட்டும்போது, நம் ஒரு சொடுக்கில் அந்தக் குடும்பத்தின் உழைப்பு முழுவதும் அடங்கியிருக்கிறது. டார்ச்சு விளக்குச் செயலிக்குத் தொடர்பு எண்கள் எதற்கு? விளையாட்டுக்குக் குறுஞ்செய்தி படிக்கும் அனுமதி எதற்கு? இவ்வளவு கேட்டாலே பாதி ஆபத்து விலகும். கைபேசியைத் துப்புரவு செய்யும் இலவசக் கருவிகளை நடுவண் அரசின் ‘சைபர் ஸ்வச்சதா கேந்திரா’ 2017 முதல் தருகிறது. பணம் பறிபோனால் உடனே 1930 என்ற எண்ணை அழைக்கலாம். இவற்றை ஆண்டுக்கு ஒரு நாளேனும் நம் கல்லூரியில் சொல்லித்தர வேண்டும். நாட்டு நலப்பணித் திட்ட முகாம்களின் வழியே ஊர்களுக்கும் எடுத்துச் செல்ல வேண்டும். பேராசிரியப் பெருமக்கள் இதற்கு வழிகாட்டுவார்களாக.

ஏரிக்கரையை வெள்ளம் மட்டும் உடைப்பதில்லை. கண்ணுக்குப் படாத நண்டு வளையும் உடைக்கும். கரையில் நடந்து வளையைப் பார்த்து அடைப்பது ஊராரின் கடமை. அந்தக் கடமை இன்று கற்றவர்களாகிய நம்முடையது.