பாண்டி கடற்கரையில் ஒரு மதியம்... விலைச்சீட்டைப் பார்க்கும் முன் துணியைத் திருப்பிப் பாருங்கள்!

புதுச்சேரிக்கு ஷாப்பிங் கிளம்புகிறவர்களுக்கு முதலில் ஒரு தகவல். பகல் ஒரு மணிக்குப் போய் இறங்காதீர்கள். சென்னையில் கடை என்றால் காலையில் திறந்தால் இரவு வரை திறந்தே இருக்கும். பாண்டியில் பழைய வழக்கம் இன்னும் முழுசாகப் போகவில்லை. ஒரு மணி வாக்கில் பல கடைகளின் ஷட்டர் இறங்கிவிடும். சாப்பாடு, குட்டித்தூக்கம் எல்லாம் முடிந்து மூன்றரை, நான்கு மணிக்குத்தான் மறுபடி திறப்பார்கள். வெயிலும் அப்போதுதான் கொஞ்சம் தணியும்.

இன்னொன்று, கடற்கரைச் சாலையிலேயே கடைகளைத் தேடி அலைய வேண்டாம். புதுச்சேரியின் முதல் முதலமைச்சர் எதுவார் கூபேர் பெயரில் இருக்கும் அந்தச் சாலையில் காந்தி சிலை, பழைய கலங்கரை விளக்கம், அரசுக் கட்டடங்கள், ஹோட்டல்கள் என்று எல்லாம் உண்டு. பொட்டிக் கடைகள் இருப்பது அதற்குப் பின்னால் உள்ள தெருக்களில். ரோமன் ரோலண்ட் வீதி, சஃப்ரேன் வீதி என்று பிரெஞ்சுப் பெயர்ப்பலகை மாட்டிய மஞ்சள் சுவர் வீடுகள். காகிதப்பூ கொட்டிக்கிடக்கும் வாசல். வீடா கடையா என்று தெரியாமல் பலர் எட்டிப்பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். தயங்காமல் உள்ளே போகலாம், யாரும் விரட்ட மாட்டார்கள்.

உள்ளே போனதும்தான் அசல் தயக்கம் ஆரம்பிக்கும். விழுப்புரத்திலிருந்து வந்திருந்த ஒரு அம்மாவும் மகளும் அப்படித்தான் ஒரு கடைக்குள் நுழைந்தார்கள். மகளுக்குப் புது வேலை. முதல் சம்பளத்தில் அம்மாவுக்கு ஏதாவது எடுத்துக்கொடுத்தே தீருவேன் என்று பஸ் ஏற்றிக் கூட்டி வந்திருக்கிறாள். ஏசி குளிர், எங்கிருந்தோ ஊதுபத்தி வாசனை, மர ஹேங்கரில் இடைவெளி விட்டுத் தொங்கும் பத்துப் பன்னிரண்டு குர்த்தாக்கள். அம்மா ஒன்றின் விலைச்சீட்டைத் திருப்பினார்.

“நாலாயிரத்து இருநூறா? இந்தக் காசுக்கு தீபாவளிக்கு வீட்டுக்கே துணி எடுத்துரலாம்டி!”

“அம்மா, மெதுவா பேசும்மா...”

கடைப்பெண் சிரித்துவிட்டார். “பார்க்கக் காசு இல்லீங்கம்மா. எடுத்துப் பாருங்க.”

அம்மா எடுத்துப் பார்த்தார். ஆனால் மற்றவர்கள் செய்வதுபோல் கண்ணாடி முன் வைத்துப் பார்க்கவில்லை. குர்த்தாவை உள்பக்கம் வெளியே வரும்படி புரட்டினார். வீட்டில் தையல் மெஷின் வைத்து அக்கம்பக்கத்துக்கு ரவிக்கை தைத்துக்கொடுப்பவர் அவர். கழுத்தோரப் பூவேலையின் பின்பக்கத்தை விரலால் தடவிவிட்டு, “ஏம்மா, இது மெஷின் பூவேலைதானே? கையில போட்டதுன்னு எழுதியிருக்கே?” என்றார். கடைப்பெண் சீட்டை வாங்கிப் பார்த்தார். கைத்தறித் துணி என்றுதான் அதில் இருந்தது, பூவேலையைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை. யாரும் பொய் சொல்லவில்லை. ஆனால் முக்கால்வாசிப் பேர் அதைக் ‘கைவேலை’ என்று படித்துக்கொண்டுதான் பணம் கட்டுவார்கள்.

அந்த அம்மா செய்ததை எல்லோருமே செய்யலாம். மெஷின் பூவேலையில் பின்பக்கம் ஒரே சீராக, பெரும்பாலும் வெள்ளை பாபின் நூல் ஓடியிருக்கும். கையில் போட்டது என்றால் பின்னால் முடிச்சு தெரியும், ஒரு பூவிலிருந்து அடுத்த பூவுக்கு நூல் தாவியிருக்கும், தையலின் நீளம் கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும். கைத்தறியா என்று பார்க்க, துணியின் இரண்டு கரையையும் வெளிச்சத்தில் பிடியுங்கள். நெய்யும்போது துணி சுருங்காமல் இருக்க விறைப்பாகக் குச்சி கொடுப்பார்கள். அந்த ஊசித்துளைகள் வரிசையாகத் தெரியும். தைத்த உடையில் கரை வெட்டுப்பட்டிருக்கலாம், அப்போது 2006-ல் மத்திய அரசு கொண்டுவந்த கைத்தறி முத்திரை இருக்கிறதா என்று கேட்கலாம். ‘எந்த ஊர் நெசவு?’ என்று ஒரு கேள்வியும் போடுங்கள். நல்ல கடையில் பதில் டக்கென்று வரும்.

நாலாயிரம் கொடுக்கக் கூடாது என்பதல்ல விஷயம். கைவேலைக்கு அந்த விலை நியாயமாகவே இருக்கலாம். அது எப்படி என்று பார்க்க வேண்டுமானால் ரோமன் ரோலண்ட் வீதியிலேயே இருக்கும் குளூனி பூத்தையல் மையத்துக்குப் போகலாம். குளூனி புனித சூசையப்பர் சபைக் கன்னியாஸ்திரீகள் நடத்தும் இடம். பழைய பிரெஞ்சு மாளிகை ஒன்றில் பெண்கள் வரிசையாக உட்கார்ந்து மேஜை விரிப்பிலும் கைக்குட்டையிலும் பூ போட்டுக்கொண்டிருப்பார்கள். ஒரு பெரிய விரிப்பு ஒரே நாளில் முடிகிற வேலை இல்லை. அதைக் கண்ணால் பார்த்துவிட்டு விலையைக் கேட்டால் வாய் தானாக அடங்கிவிடுகிறது. விழுப்புரத்து அம்மா அங்கே ஒரு கைக்குட்டையின் பின்பக்கத்தை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, “இது எடுத்துக் குடு” என்றார் மகளிடம்.

இந்த ஊருக்குத் துணி புதுசு இல்லை. 18, 19-ம் நூற்றாண்டுகளில் புதுச்சேரிப் பகுதியில் நெய்து அவுரிச் சாயம் தோய்த்த நீலத்துணி ‘கினே’ என்ற பெயரில் கப்பலேறி ஆப்பிரிக்காவின் செனகல் வரை போனது. செனகல் ஆற்றங்கரையில் பிசின் வாங்க அந்தத் துணியையே பணம்போல் கொடுத்திருக்கிறார்கள்! அப்புறம் ஆலைகள் வந்தன. ‘ரோடியர் மில்’ என்று ஊர்க்காரர்கள் சொல்லும் ஆங்கிலோ பிரெஞ்சு ஆலை 1898-ல் தொடங்கியது. 1936 ஜூலை 30-ம் தேதி சவானா மில் வேலைநிறுத்தத்தில் துப்பாக்கிச் சூடு நடந்து 12 தொழிலாளர்கள் உயிரிழந்தார்கள். எட்டு மணி நேர வேலை இங்கே சட்டமானது அதன் பிறகுதான். 2011 தானே புயலில் பலமாக அடிபட்ட ரோடியர் மில், 2020-ல் மூடப்பட்டே விட்டது. சுதேசி, பாரதி ஆலைகளின் சங்குச் சத்தமும் இப்போது இல்லை. “எங்க தாத்தா மில்லுல இருந்தவர்” என்று சொல்கிறவர்கள் இந்த ஊரில் தெருவுக்கு நான்கு பேராவது இருப்பார்கள். குர்த்தாவை மடித்து வைத்த அந்தக் கடைப்பெண்ணும் அப்படித்தான் சொன்னார். தாத்தா நெய்த ஊரில் பேத்தி, வெளியூரில் நெய்த துணியை விற்கிறார். அவர் சம்பளத்துக்கு அந்தக் கடையில் அவரால் ஒரு குர்த்தா வாங்க முடியுமா என்பது கேட்கக் கூடாத கேள்வி.

உள்ளூரிலேயே உருவானது வேண்டும் என்பவர்களுக்குத் துணியை விட்டுக் கொஞ்சம் நகர்ந்தால் நிறைய கிடைக்கும். 1978-ல் திலீப் கபூர் சிறிய பட்டறையாக ஆரம்பித்த ஹைடிசைன் தோல் பை பாண்டியில் பிறந்ததுதான். ரே மீக்கர், டெபோரா ஸ்மித் தம்பதி 1971-ல் தொடங்கிய கோல்டன் பிரிட்ஜ் பாட்டரியில் கற்றுக்கொண்டு போனவர்கள் இந்தியா முழுக்கச் சூளை வைத்திருக்கிறார்கள். பாண்டிக் கடைகளில் பார்க்கும் நீலம், பழுப்பு நிறப் பளபளப்புக் கோப்பைகளின் பூர்வீகம் அதுதான். பட்ஜெட் கம்மி என்றால் ஆசிரமத்தின் கையால் செய்த காகிதம். கிழிந்ததுபோன்ற ஓரமும், தண்ணீரில் வண்ணத்தை மிதக்கவிட்டு எடுத்த மேகக் கோலமுமாக இருக்கும். நோட்டுப் புத்தகம், உறை என்று சின்னக் காசில் முடிந்துவிடும், எடையும் இருக்காது. திருக்கனூர் காகிதக்கூழ் பொம்மைக்கும் வில்லியனூர் சுடுமண் சிற்பத்துக்கும் புவிசார் குறியீடு இருக்கிறது. வில்லியனூர் கலைஞர் வி.கே.முனுசாமிக்கு 2020-ல் பத்மஸ்ரீ அறிவித்தார்கள். சுடுமண் வாங்கினால் விரல் முட்டியால் லேசாகத் தட்டிப் பாருங்கள். கணீர் என்றால் நன்றாக வெந்தது. மொத்தென்று கேட்டால் விரிசல் இருக்கலாம்.

பெரிய வாய்க்காலைத் தாண்டி மேற்கே வந்துவிட்டால் வேறு ஊர்போல இருக்கும். மிஷன் வீதி, நேரு வீதி, குபேர் அங்காடி. பூக்கடை, பாத்திரக்கடை, ஸ்கூட்டர் ஹாரன். ஞாயிறு என்றால் காந்தி வீதியில் சண்டே மார்க்கெட், நடக்கவே இடம் இருக்காது. பேரம் பேசும் ஆசையை இங்கே வைத்துக்கொள்ளுங்கள். வெள்ளை நகரத்து ஏசிக் கடைகளில் அது எடுபடாது, இங்கே பேசாவிட்டால்தான் ஏமாளி. இருநூறு ரூபாய் பருத்திச் சட்டையையும் புரட்டிப் பார்க்கத் தவற வேண்டாம்.

காரில் போகிறவர்கள் கவனிக்க: மாலை ஆறு மணிக்கு மேல் கடற்கரைச் சாலையில் வாகனங்களுக்கு அனுமதி கிடையாது. வண்டியை முன்கூட்டியே தள்ளி நிறுத்திவிட்டு, பைகளைத் தூக்கிக்கொண்டு நடக்க வேண்டியதுதான்.